கொப்பியில் இல்லாத குளிசை

திருகோணமலையில் ஐம்பதை நெருங்கும் ஓர் ஆணுக்கு மருந்து பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வரும். ஒன்று ஆஸ்பத்திரிக் கிளினிக். விடியவே போய் நம்பர் எடுத்து, பிரஷர் பார்த்து, டொக்டருக்கு முன்னால் இரண்டு நிமிஷம் இருந்து, பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று, அடுத்த மாதத்துக்கான குளிசைகளைச் சின்னச் சின்ன உறைகளில் காசில்லாமல் வாங்கி வருவது. அங்கே கொடுத்தது எல்லாம் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும். மற்ற இடம் எங்களைப் போன்ற தனியார் பாமசி. இங்கே வாங்குவதை அந்தக் கொப்பியில் யாரும் எழுதுவதில்லை.

வயிற்றெரிவுக் குளிசைக்கும் இருமல் பாணிக்கும் இதனால் பெரிய மோசம் வந்துவிடாது. விறைப்புக் குறைபாட்டுக்கான குளிசைக்கு வரும். சரியான ஆளுக்கு, சரியான அளவில், டொக்டர் பார்த்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுவதும் பாவித்துப் பார்த்த மருந்து. ஆனால் கொப்பியில் இருக்கும் மருந்தும் கொப்பியில் இல்லாத மருந்தும் ஒரே உடம்புக்குள் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்று யாராவது ஒருவர் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஒருவர் பல நேரம் இல்லை. கேட்க வெட்கம், சொல்ல வெட்கம், அவ்வளவுதான் காரணம்.

நான் மருந்தாளர். நகரத்துக்குள் ஒரு சின்னப் பாமசியில் வேலை. பெண். இந்த மூன்றாவது விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது, ஏனென்றால் என் கடைக்கு வரும் ஆண்களுக்கு அதுதான் முதல் பிரச்சினை.

உள்ளே வருவார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தேர்மோமீட்டரை ஆர்வமாகப் பார்ப்பார். பனடோல் ஒரு கார்ட் கேட்பார். பிறகு சமஹன் இரண்டு பக்கெட். பக்கத்தில் நிற்கும் அம்மா போகும்வரை காசை எண்ணுவார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மிஸ், ஆம்பிளைப் பிள்ளையள் ஒருத்தரும் இல்லையா கடையில?" என்பார்.

"சாப்பிடப் போயிருக்கிறார் அண்ணா. என்ன மருந்து? துண்டு இருந்தால் தாங்கோ."

"இல்லை, அது வேற. பிறகு வாறன்."

பிறகு வருவார், கடைப் பையன் தனியாக நிற்கும் நேரம் பார்த்து. பையன் என்னைக் கூப்பிட்டாக வேண்டும் என்பது இந்தக் கடையின் சட்டம். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். சில கடைகளில் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். டொக்டரின் சிட்டை இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. விற்கிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்த இரகசியம்.

சிட்டை கேட்பதை அவர்கள் ஒரு தடையாகப் பார்க்கிறார்கள். நான் கேட்பது வேறு ஒன்றுக்காக. டொக்டர் ஒருவர் அவருடைய மற்ற மருந்துகளைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு மருந்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்தக் குளிசைகளில் ஒன்றான சில்டெனபில், இதய வருத்தத்துக்காகத் தேடப்பட்ட மருந்து. இங்கிலாந்தின் சான்ட்விச் ஊரில் பைசர் கம்பனியின் ஆய்வுகூடத்தில் உருவானது. நெஞ்சு நோவுக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு மாற்றத்தைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. அதே வருடம் நைட்ரிக் ஒக்சைட் இரத்தக்குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். ஆசை வரும்போது ஆணுறுப்பின் நரம்புகள் நைட்ரிக் ஒக்சைட்டை விடுகின்றன. அது சிஜிஎம்பி என்ற பொருளைக் கூட்டுகிறது, குழாய்கள் தளர்கின்றன, இரத்தம் நிறைகிறது. அந்தச் சிஜிஎம்பியை உடைத்துக்கொண்டே இருப்பது பிடிஈ5 என்ற நொதியம். சில்டெனபில், ரடலாபில், வார்டெனபில் எல்லாம் அந்த நொதியத்தைத்தான் மறிக்கின்றன. ஆகவே ஆசை இல்லாமல் குளிசை மட்டும் ஒன்றும் செய்யாது. போட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தால் தலையிடிதான் மிச்சம்.

இப்போது நெஞ்சு நோவுக்காரருக்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்தைப் பாருங்கள். நாக்குக்குக் கீழே வைக்கும் ஜிரிஎன் குளிசை, அதே மருந்தின் ஸ்ப்ரே, தினமும் போடும் ஐசோசோர்பைட் மோனோநைட்ரேட், டைநைட்ரேட். இவை உடம்புக்குள் போய்க் கொடுப்பதும் அதே நைட்ரிக் ஒக்சைட்தான். ஒன்று தொட்டிக்குள் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. மற்றது வெளியேறும் ஓட்டையை அடைத்துவிடுகிறது. உடம்பெங்கும் குழாய்கள் ஒன்றாகத் தளர்ந்து பிரஷர் சடாரென்று விழும். மயக்கம் வரும், மாரடைப்பு வரும், ஆள் போயும்விடலாம். நைட்ரேட் எடுப்பவருக்கு இந்தக் குளிசைகள் அறவே கூடாது. பாதியும் கூடாது, கால்வாசியும் கூடாது, "இன்றைக்கு மட்டும்" என்பதும் கூடாது. நிக்கோரண்டில் என்ற இதய மருந்துக்கும் இதே கதி. (டைனமைட் செய்த அல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சு நோவுக்கு நைட்ரோகிளிசரின் எழுதிக்கொடுத்தார்கள். அதுதான் நம்முடைய ஜிரிஎன்.)

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் பாலையூற்றுப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். புடவைக் கடைப் பை ஒன்றை மேசையில் கவிழ்த்தார். உறைகள், வெட்டிய கார்ட்கள், ஒரு சின்னக் கபில நிறப் போத்தல். "மிஸ், இவர் என்னவோ புதுசா ஒரு குளிசை போடுறார். எனக்குச் சொல்றார் இல்லை. கண்டுபிடிச்சுத் தாங்கோ."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மெட்போமின், சீனிக்கு. அடோவாஸ்ரட்டின், கொழுப்புக்கு. அஸ்பிரின். லொசார்டன், பிரஷருக்கு. ஓர் உறையில் பேனாவால் ஐஎஸ்எம்என் என்று எழுதி, காலை ஒன்று, மத்தியானம் ஒன்று என்று குறித்திருந்தது. அது ஐசோசோர்பைட் மோனோநைட்ரேட். கபிலப் போத்தலில் ஜிரிஎன். இவற்றுக்கு நடுவில், கத்தரிக்கோலால் பெயர் தெரியாதபடி வெட்டிய ஒரு கார்ட் துண்டு. இரண்டு குளிசை மிச்சம். பின்பக்கம் அறுந்து நின்ற எழுத்துகளில் "னபில்" மட்டும் வாசிக்க முடிந்தது. ஐம்பது மில்லிகிராமா நூறா என்றும் தெரியவில்லை.

அக்காவிடம் அது என்ன மருந்து என்று சொன்னேன். அவர் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு அழுதார். எனக்கு அது எதுவும் புதிதில்லை. அதைவிட முக்கியமாக நான் கேட்டது, கடைசியாக எப்போது போட்டார், அதற்குப் பிறகு நெஞ்சு நோவு வந்ததா என்று. மாலை அண்ணனே வந்தார். நல்ல மனிதர். "நான் ஜிரிஎன் வைக்கிறதே இல்லை மிஸ், போத்தல் சும்மா இருக்குது" என்றார். காலையும் மத்தியானமும் போடுவதும் அதே இனம்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கிளினிக் டொக்டருக்கு இவர் வாங்குவது தெரியாது. இவருக்கு விற்றவருக்குக் கிளினிக் கொப்பி தெரியாது. வெட்டிய அந்தக் கார்ட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், அவர் காசு திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் அவர் டொக்டரிடம் வாய்விட்டுச் சொன்னார். நைட்ரேட்டுக்குப் பதிலாக வேறு மருந்தில் நெஞ்சு நோவைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்ப்பது டொக்டர் செய்யும் வேலை. சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. நாமாக ஐஎஸ்எம்என் உறையை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் போடுவது அதைவிட ஆபத்து.

கொப்பியில் எழுதுங்கள் என்றால் பலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். "கொப்பியை மருமகள்தானே கொண்டு போறவா!" நியாயம்தான். எழுத வேண்டாம், சொன்னால் போதும். கிளினிக் அறையில் மற்ற நோயாளிகள் சுற்றி நிற்பார்கள் என்பது உண்மை. ஒரு துண்டில் மருந்தின் பெயரை எழுதிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள், டொக்டருக்கு விளங்கும். இப்படிச் செய்யும்படி நான் சொல்லிக்கொடுத்த ஆட்களில் ஒருவரும் வெட்கப்பட்டுத் திரும்பி வந்ததாகச் சொல்லவில்லை.

நைட்ரேட் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டிய மருந்துகள் உண்டு. பிரஷருக்குக் கொடுக்கும் பிரசோசின், சலம் போகச் சிரமப்படும் வயதானவர்களுக்குக் கொடுக்கும் ரம்சுலோசின், இவற்றோடு சேர்ந்தால் எழும்பும்போது தலை சுற்றி விழலாம். அதனால் டொக்டர் சில்டெனபிலை 25 மில்லிகிராமில் தொடங்குவார். 65 தாண்டியவர்களுக்கும், ஈரல், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அப்படித்தான். நம்மூர் வெக்கைக்குப் படர்தாமரை வராத ஆள் குறைவு. அதற்கு எழுதும் இற்ரகொனசோல், சளிக் காய்ச்சலுக்கு எழுதும் கிளரித்ரோமைசின் போன்றவை சில்டெனபிலை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் பிடித்து வைக்கும். போட்டது ஐம்பது, உடம்பு உணர்வது அதைவிட எத்தனையோ கூட. தோல் டொக்டரிடம் போகும்போது இதையும் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இன்னொரு பக்கம், மருந்தைவிடக் குறைபாடே பெரிய செய்தி கொண்டுவரும். ஆணுறுப்பின் இரத்தக்குழாய் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீற்றர் வரும். கொழுப்பு படியத் தொடங்கினால் சின்னதில்தான் முதலில் தெரியும். அதனால்தான் விறைப்புக் குறைபாடு வந்து இரண்டு மூன்று வருடங்களில் இதய வருத்தம் தலைகாட்டுவதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். நாற்பது வயதில், வேறு வருத்தம் ஒன்றும் இல்லாத ஒருவருக்கு இது மெல்ல மெல்ல வந்திருந்தால் என் கவலை கூடும். இரத்தத்தில் சீனி, கொழுப்பு, பிரஷர், தேவைப்பட்டால் ஈசிஜி, காலையில் எடுக்கும் டெஸ்டொஸ்டெரோன் அளவு, இவற்றைப் பார்க்காமல் குளிசையை மட்டும் வாங்கிப் போனால் தீ பிடித்த வீட்டில் மணியை நிறுத்திவிட்டுப் படுத்த மாதிரி ஆகிவிடும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு நான் மேலதிகமாக ஒன்றும் சொல்வதில்லை. பெட்டியிலேயே படம் போட்டுச் சொல்கிறார்கள்.

சீனி வருத்தக்காரர்களுக்கு இது மிக அதிகம். நரம்பும் குழாயும் சேர்ந்து கெடுவதால் குளிசையும் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே வேலை செய்யும். சில பிரஷர் மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும்கூட விறைப்பைக் குறைக்கும். இதைக் கேட்டதும் சிலர் பிரஷர் குளிசையை நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், மாற்ற வழி உண்டு. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் கலியாணத்துக்கு முதல் வாரம் பதறியடித்து வருவதும் உண்டு. காலையில் எழும்பும்போது விறைப்பு சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் குழாயில் பழுதில்லை, பயத்தில்தான் பழுது. அவர்களுக்கு ஒரு நல்ல டொக்டரோடு அரை மணி நேரக் கதை போதும். குளிசையைப் பழக்கினால் அது இல்லாமல் முடியாது என்ற பயம் புதிதாகச் சேரும்.

உடலுறவை இதயம் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டு மாடிப் படியைச் சுறுசுறுப்பாக ஏறி நெஞ்சு நோவோ இழுப்போ இல்லாவிட்டால் பொதுவாகத் தாங்கும் என்பார்கள். நம்மூரில் மாடி வீடு எல்லாருக்கும் இல்லை. நான் என் கணக்குக்குக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரையுள்ள ஏற்றத்தைச் சொல்வேன். நடுவில் மான்களைப் பார்க்க நின்றதைக் கணக்கில் எடுக்க மாட்டேன். அதிலேயே நெஞ்சைப் பிடிக்கிறவர் முதலில் இதய டொக்டரைப் பார்க்கட்டும். ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், பிரஷர் மிகக் கூடவோ மிகக் குறையவோ உள்ளவர், இவர்களும் அப்படியே.

சரி, டொக்டர் எழுதித் தந்துவிட்டார். எப்படிப் போடுவது? சில்டெனபில் என்றால் ஒரு மணித்தியாலம் முன்னதாக, பெரும்பாலும் ஐம்பதில் தொடக்கம், ஒரு நாளில் ஒரு தடவைதான். நான்கைந்து மணித்தியாலம் வேலை செய்யும். வயிறு முட்டக் கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டால் மருந்து இரத்தத்தில் ஏறப் பிந்தும், ஏறும் அளவும் குறையும். கலியாண வீட்டில் புரியாணியும் வட்டிலப்பமும் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டவர், "மிஸ், நீங்க தந்தது டூப்பு" என்று சண்டைக்கு வந்தார். ரடலாபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, அதன் வேலை 36 மணித்தியாலம் வரை நீளும். தினமும் 5 மில்லிகிராம் போடும் முறையும் உண்டு. நீளமாக வேலை செய்வதில் ஒரு மறுபக்கம் இருக்கிறது. சில்டெனபில் போட்டவருக்குக் குறைந்தது 24 மணித்தியாலமும், ரடலாபில் போட்டவருக்குக் குறைந்தது 48 மணித்தியாலமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது.

ஆகவே குளிசை போட்டபின் நெஞ்சு நோ வந்தால் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறேன். செய்வதை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு மாமாவின் ஜிரிஎன்னை வாங்கி வைக்காதீர்கள். அம்புலன்ஸுக்கு 1990ஐக் கூப்பிடுங்கள். அம்புலன்ஸில் வருபவரிடமும், ஆஸ்பத்திரியில் முதலில் பார்க்கும் டொக்டரிடமும், என்ன குளிசை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நெஞ்சு நோ என்று வந்தவருக்கு நைட்ரேட் கொடுப்பது அவர்கள் வழக்கமாகச் செய்வது. நீங்கள் சொன்னால் கொடுக்காமல் வேறு வழி பார்ப்பார்கள். அந்த இடத்தில் மகன் பக்கத்தில் நிற்கிறான் என்று வாயை மூடிக்கொள்ளும் அப்பாக்களை நினைத்துத்தான் நான் பயப்படுகிறேன்.

தலையிடி, முகம் சூடேறிச் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிவு, இவை சாதாரணம். சில்டெனபிலில் கொஞ்ச நேரம் பார்வையில் நீலம் தட்டலாம். ரடலாபிலில் முதுகு உளையலாம். திடீரென்று ஒரு கண் பார்வை போனால், காது கேளாமல் போனால், அல்லது விறைப்பு நான்கு மணித்தியாலம் தாண்டியும் இறங்காவிட்டால், நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு விடியும்வரை இருந்தால் உறுப்பு நிரந்தரமாகப் பழுதாகும். குடியைப் பற்றியும் ஒரு வரி: சாராயம் பிரஷரையும் இறக்கும், விறைப்பையும் இறக்கும். தைரியத்துக்குக் குடித்துவிட்டு வேலை செய்யக் குளிசை போடுவதில் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

சிட்டையும் வேண்டாம், இங்கிலீசு மருந்தும் வேண்டாம், இயற்கையாக ஏதாவது போதும் என்பவர்கள் ஒரு கூட்டம். வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த தேன் பக்கெட், முகநூலில் விற்கும் "மூலிகைக் கப்சியூல்". ஒரு மூதூர்க் காக்கா எனக்கு ஒரு பக்கெட்டைக் காட்டி, "தங்கச்சி, இது வெறும் தேன். சுன்னத்தான சாமான்" என்றார். ஒரு மணித்தியாலத்தில் முகம் சிவந்து மூக்கடைக்கும் தேனை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை என்றேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல் இப்படியான தேன் பொருட்களைப் பரிசோதித்து, அவற்றில் சொல்லாமல் கலந்திருந்த சில்டெனபிலையும் ரடலாபிலையும் கண்டுபிடித்து, விற்ற கம்பனிகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஐஎஸ்எம்என் எடுக்கும் ஒருவர் இது தேன்தானே என்று நக்கினால் என்ன ஆகும்?

அதைவிடப் பயங்கரம் சிங்கப்பூரில் 2008இல் நடந்தது. சீனி வருத்தமே இல்லாத ஆட்கள் இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கியபடி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து மாதத்தில் 150 பேர், அதில் நான்கு பேர் இறந்தார்கள். தேடிப் பார்த்தால், கள்ளமாக விற்ற ஆண்மைக் குளிசைகளுக்குள் கிளிபென்கிளமைட் இருந்தது. அது சீனி வருத்தக்காரருக்குக் கொடுக்கும் மருந்து. நம்மூரில் மருந்துகளைப் பதிவு செய்வது 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. பதிவு செய்த மருந்தை, பெட்டியிலும் கார்ட்டிலும் பெயர், தொகுதி இலக்கம், முடிவுத் திகதி தெரிய, பில்லோடு வாங்குங்கள். பெயரை வெட்டித் தரும் கடையில் வாங்க வேண்டாம். வெட்கத்துக்காகத்தான் வெட்டுகிறார்கள் என்று நினைப்போம். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருவர் மயங்கிக் கிடக்கும்போது அந்தக் கார்ட்டில் இருந்த பெயர்தான் டொக்டருக்கு வேண்டியிருக்கும்.

முதல் தடவை சரிவரவில்லை என்றதும் பலர் குளிசையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், அல்லது இரண்டாகப் போடுவார்கள். இரண்டும் பிழை. பயம், சாப்பாடு, நேரம் எல்லாம் ஒத்துவரச் சில தடவைகள் ஆகும். ஐந்தாறு தடவை சரியாகப் பாவித்தும் பலனில்லை என்றால்தான் டொக்டர் அளவைக் கூட்டுவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்று யோசிப்பார். அதுவும் சரிவராவிட்டால் வெற்றிடப் பம்ப் இருக்கிறது, ஊசி மருந்து இருக்கிறது, சிறுநீரக, ஆணுறுப்பு வருத்தங்களைப் பார்க்கும் யூரோலொஜிஸ்ட் இருக்கிறார்.

பாலையூற்று அண்ணனுக்கு டொக்டர் பல மாதம் அவகாசம் கேட்டார். சீனியை இறக்கி, ஒரு பரிசோதனை செய்து, மருந்தை மாற்றி, நெஞ்சு நோ வராமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் 25 மில்லிகிராமுக்கு ஒரு துண்டு எழுதினார். அந்தத் துண்டைக் கொண்டு கடைக்கு வந்தது அக்கா. கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. "நாலு குளிசை போதும் மிஸ்" என்றார், "விலையைப் பார்த்தா அதுக்கு மேல கட்டுப்படி ஆகாது."